மருத்துவமனை மலையடிவாரத்தில், வெட்டுக்காயம் மலைமேல்

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி தயாராக நின்றாலும் இறங்கிச் சேர இரண்டு மணி நேரம் போல ஆகும். மூடுபனி இறங்கிய நாளிலும், வழியில் யானை நிற்கும் நாளிலும் இன்னும் கூடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 2 லிட்டர் வெளியேறினால் உயிருக்கே ஆபத்து. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுபட்டால் அந்த 2 லிட்டர் போக ஐந்து நிமிடம்கூட ஆகாமல் போகலாம்.

வால்பாறை ஊருக்குள் அரசு மருத்துவமனை உண்டு, தோட்டங்களில் டிஸ்பென்சரி உண்டு. ஆனால் மேட்டுக் காட்டிலிருந்து அங்கே வந்து சேரவே நேரம் பிடிக்கும். அறுபட்ட தமனியைத் தைக்க எப்படியும் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். ஆகவே, தொலைவில் வேலை செய்கிறவரின் ரத்தத்தை நிறுத்தப்போவது பக்கத்து வரிசையில் நிற்கும் கூட்டாளிதான். தேயிலைத் தோட்டம், மரக் கூப்பு, கரும்புக் காடு, கல்குவாரி, ஆழ்கடல் படகு என எந்த வேலையானாலும், கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ளும் அன்றே ரத்தத்தை நிறுத்தவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதைத் தொழிலின் பகுதியாக எண்ணாமல், ஆண்டுக்கு ஒருநாள் கையெழுத்து வாங்கும் சடங்காக வைத்திருப்பது நம் பணியிடங்களின் பெரிய குறை.

ஆனைமலைத் தோட்டங்களையே களமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். வளைந்த கத்தியை, விரல் தடிமனான கிளை ஒரே வீச்சில் விழும்படி தீட்டி வைத்திருப்பார்கள். சரிவில், ஈர மண்ணில், இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வெட்டும் வேலை அது. கத்தி வழுக்கினால் இடது கை விரலிலோ முழங்காலுக்குக் கீழேயோ இறங்கும். நிழல் மரம் கழிக்கும் செயின் சாவும், புல் வெட்டும் பிரஷ் கட்டரும் இதைவிட மோசமான காயம் உண்டாக்கும்.

முதல் நிமிடம்

எஞ்சினை அணையுங்கள். கத்தியைத் தூர வையுங்கள். அடிபட்டவரைப் படுக்க வையுங்கள், சரிவில் உருண்டுவிடாதபடி ஒருவர் முட்டுக்கொடுங்கள். அடுத்த வேலை, காயத்தைக் கண்ணால் பார்ப்பது. இது சின்ன விஷயமில்லை. மழைக்கோட்டும் கம்பூட்டும் ரத்தத்தை மறைத்துவிடும். கம்பூட்டுக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருக்க, மேலே ஒரு கீறல்தான் என்று நினைத்தபடி நேரத்தைக் கடத்துவது எளிது. துணியைக் கழற்ற முயலாமல் கத்தரியால் வெட்டித் திறந்துவிடுங்கள்.

ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிடுகிறதா, வைத்த துணி உடனே நனைந்து தரையில் தேங்குகிறதா, விரலோ கையோ துண்டாகிவிட்டதா, ஆள் வெளிறிப்போய்ப் பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் இது உயிர் போகும் காயம். ஒருவர் காயத்தில் கை வைக்கட்டும், இன்னொருவர் போனுக்கு ஓடட்டும். மீதிப்பேர் சுற்றி நின்று கூச்சல் போட வேண்டாம்.

கையுறை இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கேரிபேக்கைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ரத்தத்தின் வழியே பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கு அதுவே ஓரளவு தடுப்பு. பிறகு சுத்தமான துணி எது கிடைத்தாலும், முண்டாசோ துப்பட்டாவோ, மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்துங்கள். விரல்நுனியால் தொட்டுக்கொண்டிருப்பதை அழுத்தம் என்று சொல்ல முடியாது. முழங்கையை மடக்காமல், உடம்பின் எடை முழுவதும் உள்ளங்கை வழியே இறங்க வேண்டும். அடிபட்டவர் வலியில் கத்துவார். அப்போதும் கையை எடுக்காதீர்கள்.

அழுத்தத் தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். பத்து நிமிடம், இடையில் ஒருமுறைகூடத் துணியை விலக்காமல் அழுத்த வேண்டும். ரத்தம் உறைய அவ்வளவு நேரம் வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்ப்பார்கள், அதுவரை உறைந்ததும் பிய்ந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண வெட்டுக் காயங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பத்து நிமிட அழுத்தத்துக்கே அடங்கிவிடும். அடங்கியதும் அந்தத் துணியை எடுக்காமல், அதன்மேலேயே கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுங்கள். சுற்றிய பிறகு விரல்நுனி நீலம் பாய்ந்து மரத்துப்போனால் மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ரத்தம் துணியை மீறி வழிந்தால் துணிமேல் துணியாக அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், அழுத்தம் பரவிப்போய்விடும். ஒருமுறை எடுத்து, எந்த இடத்திலிருந்து பீறிடுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் புள்ளியில் அழுத்துங்கள். காயம் ஆழமான குழியாக இருந்தால் துணியை நாடாவாகக் கிழித்து, குழியின் அடிவரை விரலால் திணித்து நிரப்பி, அதன்மேல் அழுத்துங்கள். தொடை இடுக்கு, அக்குள், கழுத்து அடி ஆகிய இடங்களில் கட்டுப்போட வழியில்லை. அங்கே திணிப்பதும் அழுத்துவதும்தான் ஒரே வழி. நெஞ்சிலும் வயிற்றிலும் துணி திணிக்கக் கூடாது. அந்த இடங்களில் பட்ட காயத்தை மூடி, ஆளை விரைந்து இறக்குவதைத் தவிர நாம் செய்யக்கூடியது குறைவு. கம்பியோ கிளையோ உள்ளே குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றித் துணி அண்டக்கொடுத்து அசையாமல் கட்டி அனுப்புங்கள்.

இறுக்குக் கட்டைப் பற்றிய பயம்

கை, கால் காயத்தில் அழுத்தத்துக்கு அடங்காத ரத்தம் என்றால் இறுக்குக் கட்டு போட வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்கள் டூர்னிக்கெட் என்பது இதைத்தான். நம் ஊரில் இதைப் பற்றி ஒரு பயம் ஊறியிருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. பாம்பு கடித்தால் கயிறு போட்டு இறுக்காதீர்கள், கை கால் அழுகிவிடும் என்று டாக்டர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பாம்புக்கடிக்கு அது முற்றிலும் சரி. ஆனால் அந்த எச்சரிக்கை வெட்டுக்காயத்துக்கும் சேர்த்தே மனதில் பதிந்துவிட்டது. பீறிடும் தமனிக்கு முன்னால் நிற்கும்போது அந்தத் தயக்கமே ஆளைக் கொல்லும்.

மருத்துவ உலகமே இதில் தயங்கி, பிறகு தெளிந்தது. 1718இல் பிரெஞ்சு அறுவைச் சிகிச்சையாளர் ழான் லூயி பெத்தி திருகு வைத்த கருவியை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முதலுதவி நூல்கள் இதைக் கடைசிக் கதியாகவே வைத்தன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் அந்த எண்ணத்தை மாற்றின. பாக்தாத்தில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 2006இல் திரட்டிய தகவல்களின்படி, அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே கட்டு போடப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போன பிறகு போடப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 சதவீதம். சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அமெரிக்க மருத்துவர்கள் ஒன்றுகூடி யோசித்ததன் தொடர்ச்சியாக, 2015இல் பொதுமக்களுக்கே இதைக் கற்றுத்தரும் இயக்கம் அங்கே தொடங்கியது. போர்க்களத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் இதில் வித்தியாசமில்லை: இரண்டிலும் டாக்டர் தூரத்தில் இருக்கிறார்.

கடையில் கிடைக்கும் தரமான டூர்னிக்கெட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் துண்டை மூன்று விரல் அகலத்துக்கு மடியுங்கள். காயத்திலிருந்து நான்கு விரல் மேலே, உடம்பின் பக்கமாக, மூட்டின்மேல் வராதபடி சுற்றி ஒரு முடிச்சு போடுங்கள். முடிச்சின்மேல் உறுதியான குச்சியோ ஸ்பேனரோ வைத்து இன்னொரு முடிச்சு. பிறகு குச்சியைத் திருகுங்கள், ரத்தம் முற்றிலும் நிற்கும்வரை. நின்றதும் குச்சி திரும்பிவிடாதபடி இன்னொரு துணியால் கட்டுங்கள். கயிறு, கம்பி, ஷூ லேஸ் வேண்டாம். அவை தசையை அறுக்கும். குச்சி வைக்காமல் கையால் மட்டும் இறுக்கும் கட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் மேலோட்டமான சிரைகளை மட்டும் அடைக்கும். தமனி வழியே ரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்க, திரும்பும் வழி அடைபட்டு, காயத்திலிருந்து இன்னும் அதிகமாகக் கொட்டும். அரைகுறை இறுக்கம் கட்டாமல் விடுவதைவிடக் கெடுதல்.

சரியாகப் போட்ட கட்டு கடுமையாக வலிக்கும். வலிக்கிறது என்பதற்காகத் தளர்த்தாதீர்கள். கால் மணிக்கொருமுறை தளர்த்திவிட வேண்டும் என்று பழைய புத்தகங்களில் இருப்பதையும் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு தளர்த்தலிலும் மிச்ச ரத்தம் போகும். இரண்டு மணி நேரம் வரை கட்டு பொதுவாகக் கையையோ காலையோ கெடுப்பதில்லை. அதற்குமேல் போனால் பாதிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அதை அவிழ்ப்பதா என்ற முடிவு டாக்டருடையது. கட்டு போட்ட நேரத்தை நெற்றியிலோ கட்டின்மேலோ பேனாவால் எழுதுங்கள். அதன்மேல் போர்வை போட்டு மறைக்காதீர்கள்.

ஆள் துணையில்லாமல் தனியாக அடிபட்டவர், கை கால் காயம் பீறிட்டால் அழுத்திப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. மயக்கம் வரும் முன் நேரே இறுக்குக் கட்டுக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகு விசில், பிறகு போன்.

செய்யக் கூடாதவை

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் ஆழ்ந்த வெட்டில் போடாதீர்கள். வெட்டுக்காயப் பூண்டின் சாற்றைச் சிராய்ப்புக்கு விடுவது நம் கிராமத்து வழக்கம். அதை இங்கே கொண்டுவராதீர்கள். பீறிடும் ரத்தத்தை எந்தத் தூளும் இலையும் நிறுத்தாது. தையல் போடும்போது அந்தத் தூளையெல்லாம் சுரண்டி எடுப்பதற்கே டாக்டருக்கு நேரம் போகும், கிருமியும் உள்ளே தங்கும். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்க வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும். பிராந்தி கொடுக்க வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தம் உறைவதைக் கெடுக்கும். அடிபட்டவர் இதயநோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பெரிதாக ரத்தம் போன காயத்தை அந்த இடத்திலேயே கழுவவும் வேண்டாம். சின்னக் காயத்துக்கு மட்டும், ரத்தம் நின்ற பிறகு, குடிக்கத் தகுந்த தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவலாம்.

குளிர் இன்னொரு எதிரி. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் திறன் குறையும். மழையில் நனைந்து வேலை செய்த ஆளுக்கு இது வேகமாக நடக்கும். ஈரத் துணியைக் களைந்து, அடியிலும் மேலேயும் காய்ந்த சாக்கோ கம்பளியோ போடுங்கள். தரையின் ஈரம்தான் உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சும், ஆகவே அடிவிரிப்பு முக்கியம். தாகம் எடுக்கிறது என்பார். நாக்கை நனைக்கலாம். அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்பதால் சாப்பாடு கூடாது.

விரல் துண்டாகிவிட்டால்

முதலில் ஆளின் ரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு விரலைத் தேடுங்கள், தேயிலைச் சருகுக்குள் தேடியாவது எடுங்கள். தேய்த்துக் கழுவாமல், சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துவிடும், பிறகு ஒட்ட முடியாது. ஐஸுக்கு டீக்கடை, மீன் வண்டி, டிஸ்பென்சரியின் குளிர்ப்பெட்டி என எங்கே கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். குளிர்ச்சியில் பாதுகாத்தால் விரலை ஏறத்தாழ ஒரு நாள் வரைகூட ஒட்டவைக்க முயல முடியும். சதை அதிகமுள்ள முழங்கைப் பகுதிக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இந்த வேலையை எல்லா மருத்துவமனையும் செய்வதில்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றவை. உங்கள் பகுதிக்கு அருகில் எது என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

இறங்கும் வழி

தமிழ்நாட்டில் 108 சேவை 2008இல் வந்தது. மலையில் அந்த வண்டிக்குச் சொல்ல வேண்டிய முகவரி ஊர்ப் பெயர் மட்டுமல்ல. எஸ்டேட், டிவிஷன், காட்டு நம்பர், வண்டி வந்து நிற்கக்கூடிய இடம், இவ்வளவும் வேண்டும். ரத்தம் பீறிடுகிறது, இத்தனை மணிக்கு இறுக்குக் கட்டு போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் ஏறி வரும்வரை காத்திருப்பதா, எஸ்டேட் ஜீப்பில் இறங்கி வழியில் சந்திப்பதா என்று அவர்களிடமே கேளுங்கள். ரத்தம் நின்றிருந்தால் பாதி வழியில் சந்திப்பது பல நேரம் நல்லது. ரத்தம் நிற்காத ஆளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வளைவுகளில் பறப்பதால் பயனில்லை. நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஒருவர் முச்சந்தியில் நின்று வண்டியை மறித்துக் காட்டட்டும்.

டிஸ்பென்சரியில் டாக்டர் இருந்தால் அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கும். ஜப்பானின் உட்டாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட காயமடைந்தோரிடம் சோதித்து 2010இல் வெளியான ஆய்வு, அது உயிரிழப்பைக் குறைப்பதாகக் காட்டியது. ஆனால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பயணம் அந்த நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மேலேயே அந்த ஊசி இருப்பில் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது தொழிற்சங்கத்தின் கடமை.

கடலில் நிலைமை இன்னும் கடினம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் பல வாரம் கடலில் தங்கும். அங்கே விஎச்எஃப் 16ஆம் சேனலும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும்தான் ஆம்புலன்ஸ். கரை வந்து சேர நாள் கணக்காகலாம் என்பதால் தைக்காத காயத்தைச் சுத்தமாக, திறந்தபடியே, தினம் கட்டு மாற்றிக் காப்பது முக்கியம். நூல் ஊசி வைத்துப் படகிலேயே தைக்க முயலாதீர்கள். கிருமியை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் பிடிக்கும். திறந்தே இருந்த காயத்தை நான்கைந்து நாள் கழித்துக்கூட டாக்டரால் தைக்க முடியும்.

ரத்தம் சீக்கிரம் நின்ற சின்ன வெட்டிலும் ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள், நுனியில் தொட்டால் உணர்கிறாரா என்று கேளுங்கள். ஏதாவது ஒரு விரல் மடங்கவில்லை, மரத்திருக்கிறது என்றால் தசைநாணோ நரம்போ அறுபட்டிருக்கிறது. வெளியே காயம் ஆறிவிடும், விரல் நிரந்தரமாக முடங்கும். அடுத்த நாளே கீழே போக வேண்டிய காயம் இது. மண் பட்ட எந்த வெட்டுக்கும் டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

பெட்டியும் பதிவேடும்

சுவரில் தொங்கும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பேண்ட்-எய்டு, அயோடின், தீக்காயக் களிம்பு, காலாவதியான மாத்திரை இருக்கும். பீறிடும் ரத்தத்துக்கு அதில் ஒன்றும் இருக்காது. இரண்டு டூர்னிக்கெட், அகலமான காஸ் சுருள்கள், 15 சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ், துணி வெட்டும் கத்தரி, கையுறை, கனமான பிளாஸ்டிக் பைகள், மார்க்கர் பேனா, விசில் ஆகியவற்றை ஒரு நீர்புகாப் பையில் போட்டு, அலுவலகத்தில் பூட்டி வைக்காமல் கவாத்து நடக்கும் காட்டுக்கே கொண்டுபோக வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியாவது வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது. சிதறி வேலை செய்யும் காட்டில் தலைக்கணக்கு பார்த்துப் பலனில்லை. குழுவுக்கு ஒரு பை என்பதே என் கருத்து. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும் மருத்துவ வசதியை நிர்வாகத்தின் பொறுப்பாகவே வைத்தது. கேட்பது சலுகை இல்லை.

சூப்பர்வைசர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாள், மஸ்டர் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒருவர் காலில் இன்னொருவர் கட்டு போட்டுப் பழகச் சொல்லுங்கள். பெண்கள் குழுவை விட்டுவிடாதீர்கள். கொழுந்து எடுக்கும் காட்டில் ஆண் துணையே இருக்காது. சிக்னல் கிடைக்கும் மேடு எது என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்: வேலை நேரத்தில், இந்தக் காட்டில், இந்தக் கருவியால் என்று. வீட்டில் விழுந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். அங்கே எழுதும் விபத்துப் பதிவேட்டு விவரம்தான் நாளை இழப்பீட்டுக்கு ஆதாரம். ஏ.ஆர். எனப்படும் அந்தப் பதிவேட்டின் காப்பியைக் கேட்டு வாங்கி வையுங்கள். வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் உரிமை. போலீஸ் வரட்டும், பிறகுதான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

வேலைக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள். தைத்த தசைநாணுக்கு முழுப் பலம் வர மூன்று மாதம் போல ஆகும். அதற்குள் கத்தி பிடித்தால் தையல் அறுந்து, இரண்டாவது அறுவை முதலாவதைவிடச் சிக்கலாகும். பிசியோதெரபியில் சொல்லித்தரும் விரல் பயிற்சியைச் சொன்ன அளவில், சொன்ன முறையில் வீட்டில் செய்யுங்கள். அந்த மாதங்களுக்கு இலகுவான வேலை தரும்படி டாக்டரின் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.